படம் போடுகிறவளுக்கு ஒரு ஏஜெண்ட்

படம் வரைகிற தொழிலில், வரைவதற்கு ஆகும் நேரத்தைவிட, வரைந்ததை யாராவது திறந்து பார்ப்பார்களா என்று காத்திருக்கும் நேரம்தான் அதிகம். உங்களில் யாராவது ஒரு மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கே இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்திருந்தால், நாம் நெருங்கிய சொந்தம். தயங்காமல் மேலே படியுங்கள்.

என் பெயர் கோகிலா. ஊர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி; கேரளம்தான், ஆனால் வீட்டில் பேசுவது தமிழ். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன். பாடநூல் துணைப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பால் சொசைட்டியின் காலண்டர் என்று பன்னிரண்டு வருஷம் கைக்கு வந்ததையெல்லாம் வரைந்த பிறகு, எனக்கும் ஒரு ஏஜெண்ட் வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது ஒரு நாளில். கிடைப்பதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷத்தில் நடந்தவை இவை.

எந்தக் கம்பெனி ஏஜெண்ட்?

வெளிநாட்டுப் பதிப்பகங்கள் பலவும் ஓவியரிடமிருந்து நேராக வரும் கடிதத்தைப் பிரிப்பதில்லை. நடுவில் ஒரு ஏஜெண்ட் இருக்க வேண்டும். அவர் நம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டுவார், வேலை பிடித்துத் தருவார், ஒப்பந்தத்தில் உள்ள பொடி எழுத்தையெல்லாம் படித்துவிட்டு ‘இதற்கு ஒத்துக்கொள்ள முடியாது’ என்று நமக்காகச் சண்டை போடுவார். இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விளக்கினேன். கூட என் வீட்டுக்காரர் செந்திலும் இருந்தார். அவர் கொழிஞ்சாம்பாறை ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எதையும் பிரித்துப் போட்டுத்தான் புரிந்துகொள்வார்.

அம்மா ‘ஏஜெண்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் விசா என்று நினைத்துவிட்டாள். “கல்ஃபுக்காங் கண்ணு போகப்போற?” என்று கரண்டியைக் கீழே வைத்தாள். இல்லையம்மா, நான் எங்கும் போகவில்லை, படம் மட்டும்தான் போகும் என்று சமாதானப்படுத்தினேன். அப்பா நெல் விவசாயி. ரசம் ஊற்றும்வரை யோசித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மருமகனைப் பார்த்துச் சொன்னார்:

“நெல்லையே நடுவுல ஆள் வெக்காம நேரா சர்க்காருக்குக் குடுத்துப் பழகிட்டமுங்க மாப்பிள்ளை. இவ என்னடான்னா, காயிதத்துல போட்ட படத்துக்குப் புரோக்கர் தேடறா.”

எந்தக் கட்டத்தில் டிக்?

நான் தேட ஆரம்பித்த நேரம் நல்ல நேரம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குழந்தைகள் புத்தகங்களை ஒரே மாதிரி ஆட்களே எழுதி, ஒரே மாதிரி ஆட்களே வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்பது உலகத்துக்கு ஒருவழியாக உறைத்திருந்தது. இங்கிலாந்தில் ஒரு ஏஜென்ஸி, ‘இதுவரை வாய்ப்புக் கிடைக்காத பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கு முன்னுரிமை’ என்று அறிவித்தது. மொத்தம் இரண்டே இடம். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. படிவத்தை இறக்கினேன். அதில் நான்கு பக்கத்துக்குக் கட்டங்கள்.

நான் எந்த வகையில் பின்தங்கியவள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அப்பாவுக்கு வயல் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது. நான் கல்லூரிக்குப் போய் ஓவியம் படித்தவள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தபோது கடைசிப் பக்கத்தில் ‘சிறுபான்மை மொழி பேசுபவர்’ என்று ஒன்று கண்ணில் பட்டது. கேரளத்தில் தமிழ் பேசுகிறேன். அப்பாடா என்று டிக் அடித்தேன். பக்கத்திலேயே ‘சான்று இருந்தால் இணைக்கவும்’ என்று இருந்தது. இருந்தால் என்றுதான் போட்டிருந்தார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க மனுக்களோடு வாழ்ந்தவளுக்கு அது ‘இல்லாவிட்டால் தொலைந்தாய்’ என்றுதான் கண்ணில் படும். வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன்.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர், மலையாளி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மனுவை இரண்டு தரம் படித்தார். வேலைக்கா என்றார், இல்லை. ஸ்கூல் அட்மிஷனா என்றார், அதுவும் இல்லை. படம் வரைவதற்கு என்றேன். அவர் பேனாவை மூடினார். கேலியாக இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்:

“படம் வரைக்கான் எந்தினா மோளே பாஷ?” (படம் வரைய எதற்கு மகளே பாஷை?)

இரண்டு போன்கள்

ஒருவழியாக விண்ணப்பத்தை அனுப்பினேன்; இங்கிலாந்துக்காரர்கள் பதில் சொல்ல ஆறு மாதம் ஆகும் என்று எழுதியிருந்தார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று உள்நாட்டிலும் முயன்றேன். சென்னையில் ஒரு ஏஜென்ஸி, தமிழ் ஓவியர்களைத் தேடிச் சேர்க்கிறோம் என்று விளம்பரம் போட்டிருந்தது. போன் செய்தேன். எடுத்த பெண் என் படங்களை முன்பே பார்த்திருந்தாள். பிரியமாகப் பேசினாள். எந்த மாவட்டம் என்று கேட்டாள். பாலக்காடு என்றேன். “ஓ, எங்க லிஸ்ட் தமிழ்நாட்டு ஆர்ட்டிஸ்ட்டுங்களுக்குத்தான் மேடம்” என்றாள். வருத்தமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு என்னை உற்சாகப்படுத்துவதற்காக, “ஆனா ஒண்ணு சொல்லணும், மலையாளியா இருந்துட்டு எவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்க!” என்றாள்.

அடுத்த வாரம் கொச்சியில் ஒரு ஏஜென்ஸி. அவர்கள் கேரள ஓவியர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் கேரளம்தானே. ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டு, எல்லாம் இங்கேதான். பத்து நிமிஷம் மலையாளத்தில் பேசினேன். என் படங்களில் போர்டுகளெல்லாம் தமிழில் இருக்கிறதே என்று கேட்டார் அந்த இளைஞர். எங்கள் ஊர்க் கடைகளில் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவருக்கும் வருத்தம்தான். தமிழுக்குத் தனியாக ஆட்கள் இருப்பார்களே, சென்னையில் முயன்று பாருங்களேன் என்றார். போனை வைக்குமுன் அவரும் என்னை உற்சாகப்படுத்த மறக்கவில்லை:

“தமிழத்தி ஆயிட்டும் சேச்சி எத்ர நன்னாயி மலையாளம் பறயுன்னு!”

பூவும் மாடும்

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் வரைவது இயந்திரங்களை. கடைக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில், செந்தில் பிரித்துப் போட்டிருக்கும் மோட்டார்களை வரைய ஆரம்பித்ததுதான். பம்ப்செட், டிராக்டர், அரிசி ஆலையின் எலிவேட்டர், ஜேசிபி. ஒரு யந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று குழந்தைக்குப் புரிகிற மாதிரி வரைய எனக்குப் பிடிக்கும். வேறு நாட்டு ஏஜென்ஸி ஒன்று இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வீடியோவில் பேச அழைத்தது. வீட்டில் சிக்னல் கிடைக்காது. அதனால் கடையில் உட்கார்ந்து பேசினேன். பின்னால் ஒரு ஐந்து ஹார்ஸ்பவர் மோட்டார் டெஸ்ட்டிங்கில் உறுமிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்மணி மோட்டாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ‘உங்கள் மண்ணின் நிறங்கள் எங்கே?’ என்று கேட்டார். புடவை, மல்லிகைப்பூ, கோலம், மாடு. இவை இல்லாமல் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று எப்படித் தெரியும் என்றார். சரி, ஆசை யாரை விட்டது. நான்கு நாள் உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். வாசல் நிறையக் கோலம், அதன்மேல் புடவை கட்டிய பெண், தலை நிறையப் பூ, பக்கத்தில் மாலை போட்ட மாடு. அனுப்புமுன் செந்திலிடம் காட்டினேன். அவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எல்லாஞ் செரி புள்ள. இந்த மாடு கோலத்து மேல நிக்குது, அந்தம்மா பாத்துட்டுச் சிரிச்சுட்டே நிக்கறாங்க. எந்த ஊட்டுல இப்பிடி நடக்கும்?”

ஸ்டெல்லா

படத்தை அனுப்பவில்லை. கிழிக்கவும் மனசு வராமல், போனில் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்பினேன். ஸ்டெல்லா என்னைவிட எட்டு வயது சின்னவள். திருச்சூரில் நடந்த ஓவியப் பயிற்சி முகாம் ஒன்றில் பழக்கம். அறுபது பேர் இருந்த கூடத்தில் தமிழில் முணுமுணுத்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு ஊர் சக்குபள்ளம், கம்பத்துக்கு மேலே கேரள மலையில். அம்மா சகாயமேரி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்கிறார். அப்பா இல்லை. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில்தான் பிறந்து வளர்ந்தாள். எனக்கு ஒரு வாரம் தேடி ஒரு கட்டம் கிடைத்த அந்தப் படிவத்தில், அவளுக்கு ஏழு கட்டங்கள் பொருந்தின. அவளும் விண்ணப்பித்திருந்தாள்.

ஸ்டெல்லா வரைவது பூதங்களை. மூன்று கண், ஆறு கால், வெளிக்கிரகத்துத் தவளை, பேசும் காளான். மற்ற ஏஜென்ஸிகளிடமிருந்து அவளுக்கு வந்த பதில்களெல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ‘அருமை, ஆனால் உங்கள் தோட்ட வாழ்க்கையை வரைந்து அனுப்ப முடியுமா?’ அவளும் ஒரு தரம் வரையப் பார்த்தாள். அவளுடைய அம்மா தோட்டத்திலிருந்து வந்து, நனைந்த தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே எட்டிப் பார்த்திருக்கிறார். இதை ஸ்டெல்லா என்னிடம் அப்படியே நடித்துக் காட்டினாள்:

“விடிஞ்சதுலருந்து அடையிற வரைக்கும் இந்த ஏலச்செடியத்தான பாத்துட்டு வாரேன். நீயும் அதையே ஏன் தாயி வரையிற? கண்ணுக்குக் குளுமையா வேற எதாச்சும் போடு.”

ஸ்டோரில் மூன்று நாள்

அந்த மழைக்காலம் முடிந்ததும் சக்குபள்ளம் போனேன். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று நான்கு பஸ் மாறி, ஒரு கேரளத்திலிருந்து இன்னொரு கேரளத்துக்குத் தமிழ்நாடு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டெல்லாவைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அங்கே ஒரு ஏலக்காய் ஸ்டோர் இருந்தது. பறித்த பச்சைக் காயைக் கழுவிக் காயவைக்கும் இடம். உள்ளே ஒரு பெரிய டிரையர், கீழே நெருப்பு, மேலே தட்டுத் தட்டாகக் காய், சுவரெல்லாம் குழாய். எனக்கு அதற்குமேல் மலை தெரியவில்லை, மஞ்சு தெரியவில்லை. மூன்று நாளும் ஸ்டோரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சகாயமேரி அக்கா வேலை முடிந்து அந்தப் பக்கம் வரும்போது, டிரையர் தட்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்க முடியுமா என்று கேட்டேன். நின்றார். காய் பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்திருந்த அந்தக் கையை, குழாய்களுக்கு எடுத்துக்கொண்ட அதே பொறுமையோடு வரைந்தேன். இதுவரை நான் போட்டதில் நல்ல படம் அதுதான். ஸ்டெல்லா ‘அம்மா, அம்மா’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், அந்த மூன்று நாளும் என் வாயிலும் ‘அம்மா’ என்றே வந்தது. படத்துக்குக் கீழே ‘அம்மா, ஏலக்காய் ஸ்டோரில்’ என்று எழுதி, இங்கிலாந்துக்கு ஏற்கெனவே அனுப்பிய படங்களோடு இதையும் அனுப்பிச் சேர்த்துவிட்டேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சேர்த்தேன். ஐந்து நிமிஷம் என்று சொல்லி நாற்பது நிமிஷம் நிற்க வைத்ததைப் பற்றித்தான் அவருக்குக் குறை.

“அந்த மிசினு சூடாறதுக்குக்கூட இம்புட்டு நேரம் ஆகாதேம்மா.”

நான் எப்போது காய் பறித்தேன்?

ஏழாவது மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் கத்திய கத்தலில், பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பாம்பு என்று நினைத்து ஓடி வந்தார்கள். பத்து நிமிஷத்தில் அப்பா, அரை மணியில் பால் சொசைட்டி, மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாலையில்தான் மின்னஞ்சலோடு வந்த இணைப்பைத் திறந்தேன். அவர்கள் வெளியிடப்போகும் அறிமுகக் குறிப்பு. ஒரு வாரத்துக்குள் சரிபார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

‘இந்தியாவின் மலைத்தோட்டம் ஒன்றில் கூலித் தொழிலாளியின் மகளாகப் பிறந்த கோகிலா, தன் தாய் உழைத்த இயந்திரங்களின் நடுவே வளர்ந்தவர்’ என்று ஆரம்பித்தது அது. அந்த ‘அம்மா’வை என் அம்மாவாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பிழையின் விதை நான் எழுதிய ஒற்றை வார்த்தை. எங்கள் அம்மா வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடவு ஆட்களுக்கு டீ போயிற்றா என்று சத்தம் போடுகிறவள். குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டியபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, பயங்கரக் குழப்பம்தான் வந்தது:

“நானெப்பக் கண்ணு கா பறிக்கப் போனேன்? கொல்லையில முருங்கக்கா பறிக்கோணும்னாலே உங்கொப்பனைக் கூப்புடறவ நானு!”

ஸ்டெல்லா சொன்னது

அன்றே திருத்தி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. மூன்று நாள் வைத்திருந்தேன். படம் என்னுடையதுதானே, குறிப்பை எழுதியது அவர்கள்தானே, நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ஊரெல்லாம் வாழ்த்திய பிறகு, இல்லை, தவறுதலாக வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? இரண்டு வருஷம் தட்டிய கதவு. திறந்தவர் வேறு யாரோ என்று நினைத்துத் திறந்திருக்கிறார். உள்ளே போய்விட்டால்தான் என்ன? இந்த இடத்தில் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் மூன்று நாள் என்பது மூன்று நாள்தான்.

நான்காம் நாள் காலை ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு அதே வியாழக்கிழமை ‘இம்முறை இயலவில்லை’ என்று பதில் வந்திருந்தது. எனக்கு வந்ததை அவள் கேள்விப்பட்டு, உண்மையாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். குறிப்பை வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே அவள் சிரிப்பு நின்றது. கடைசிவரை கேட்டுவிட்டு, சத்தமே உயர்த்தாமல் சொன்னாள்:

“எங்கம்மா கைய நீங்க வரைஞ்சது எனக்குச் சந்தோசந்தான்க்கா. ஆனா அம்மாவவே எடுத்துட்டுப் போயிறாதீங்க.”

பெல்ட் எங்கே?

அந்த நிமிஷமே உட்கார்ந்து எழுதினேன். படத்தில் இருப்பவர் என் தோழியின் தாயார், பெயர் சகாயமேரி. என் குடும்பத்துக்கு நிலம் இருக்கிறது. நான் தோட்டத்தில் பிறந்தவள் அல்ல, மூன்று நாள் விருந்தாளியாகப் போனவள். இந்த இடம் அப்படிப் பிறந்தவர்களுக்கு என்றால் எனக்கு உரிமையில்லை. மன்னிக்கவும். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். ஆச்சரியம் என்னவென்றால், அன்றைக்கு மத்தியானம் மூன்று நாளுக்குப் பிறகு முதல்தடவையாகப் பசித்தது.

பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று. அப்பாவின் ரெண்டாம் பயிர் அறுவடைக்கு மெஷின் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வரும் பெரிய அறுப்பு வண்டி. ஓட்டி வந்தவர் ஆத்தூர்க்காரர், முருகேசன். கையைச் சும்மா வைத்திருந்தால் போனைப் பார்க்கத் தோன்றும் என்பதால், வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்து அந்த வண்டியை இரண்டு நாள் வரைந்தேன். முருகேசன் டீ குடிக்க இறங்கியவர், நோட்டை வாங்கி, நெல் போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. பத்து நாளாக உலகத்தில் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. முதல் பதில் அவரிடமிருந்துதான் வந்தது:

“அச்சு அசலா இருக்குதுக்கா. ஆனா இந்த வண்டி நெல்லறுக்காது. பெல்ட்டு எங்க?”

மார்கரெட்

பெல்ட்டைப் போட்டு முடித்த அன்றைக்கு இங்கிலாந்திலிருந்து அழைப்பு. மார்கரெட் என்ற ஏஜெண்ட், ஐம்பது வயதிருக்கும். மறுபடியும் செந்திலின் கடையில்தான் உட்கார்ந்து பேசினேன். அந்த அம்மாள் எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்டார். படங்களைப் பார்த்துக் கதையை நாங்களே கட்டிவிட்டோம், உங்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்றார். பிறகு, அந்தச் சிறப்பு இடத்தை உங்களுக்குத் தர முடியாது, அது வேறொருவருக்குப் போகிறது என்றார். சரி என்றேன். ஸ்டெல்லாவின் பூதங்களை இன்னொரு தரம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார், உறுதி ஒன்றும் கொடுக்கவில்லை.

போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தபோதுதான், எங்கள் வழக்கமான பட்டியலில் சேர உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. இயந்திரங்களைப் பற்றிய குழந்தைகள் புத்தகங்களுக்கு ஆள் கிடைக்காமல் இருக்கிறார்களாம். அந்த டிரையரில் சூடு எந்தக் குழாயில் ஏறி எந்தக் குழாயில் இறங்குகிறது என்று, ஏலக்காயே பார்த்திராத தனக்குப் புரிந்தது, அதனால்தான் முதலில் உங்கள் கோப்பைத் தனியே எடுத்து வைத்தேன் என்றார். என் அம்மா யார் என்பதற்காக இல்லையா என்று கேட்டேன். அது பிறகு எங்கள் ஆட்கள் சேர்த்துக்கொண்டது என்று சொல்லிச் சிரித்தார். படத்துக்குக் கீழே சகாயமேரி அக்காவின் பெயரைப் போட வேண்டும் என்றேன். அதை முதல் வேலையாகச் செய்கிறேன் என்றார்.

போன் அணைந்ததும் அங்கேயே, காயில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். செந்தில் பயந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தார். ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்தாராம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பிரித்த மோட்டாரைப் பார்க்கிற மாதிரியே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப உன்னையப் பாவம்னு எடுக்கலை புள்ள. வேலை தெரிஞ்சவன்னு எடுத்துருக்காங்க. இதுக்கு ஏன் அழுகற?”

இதுதான் என் கதை

மார்கரெட் பூதங்களைப் பார்த்தார், பாராட்டினார், எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆனது. அவள் அதற்குள் வேறு ஐந்து இடத்துக்கு அனுப்பியிருந்தாள். எங்களுக்குள் அந்தத் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு ஒரு சின்ன நெருடல் இருந்தது உண்மை. சகாயமேரி அக்காவின் பெயரோடு அந்தப் படம் வெளிவந்து, அதை ஸ்டெல்லா லயத்தில் எல்லோருக்கும் காட்டிய பிறகு, அது தானாகவே போயிற்று. பழையபடி ‘அக்கா, இந்தப் பூதத்துக்கு வால் வேணுமா, வேண்டாமா’ என்று காலையிலேயே கேட்க ஆரம்பித்தாள்.

ஐந்து மாதம் கழித்து, நான் ஜேசிபி ஒன்றின் ஹைட்ராலிக் குழாயில் சிக்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு. பெங்களூரில் ஒரு சின்ன ஏஜென்ஸி, மூன்று பேர்தான் மொத்தமே. அவளை எடுத்துக்கொண்டார்கள். மூன்று கண் பூதத்தை வைத்து ஒரு புத்தகத்துக்கும் பேச்சு நடக்கிறதாம். தோட்டத்தை வரையச் சொன்னார்களா என்று கேட்டேன். அதுதான் எனக்குப் பயம். அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

“மொதல்ல ‘உங்க கதையச் சொல்லுங்க’ன்னாங்கக்கா. பூதத்தோட கதையச் சொன்னேன். ‘அது இல்ல, உங்க சொந்தக் கதை’ன்னாங்க. இந்தப் பூதம் நான் சொந்தமா யோசிச்சதுதான், இதுதான் என் கதைன்னு சொல்லிட்டேன்.”

ஏஜெண்ட் வந்து ஒரு வருஷமாகிறது, பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, முன்பு நேராக எனக்கே வந்துகொண்டிருந்த ‘வேண்டாம்’ எல்லாம் இப்போது மார்கரெட்டுக்குப் போய், அவர் ஒரு டீ குடித்து முடித்து, அதில் கொஞ்சம் சர்க்கரை தூவி என்னிடம் சொல்கிறார் என்பதைத் தவிர.